ரத்தம் மறக்காத காய்ச்சல்

ஐப்பசி அடைமழை இரண்டு நாள் ஓய்ந்து, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலை. கோபாலபுரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில் பழைய வீட்டின் கேட்டைத் தட்டி நின்றார், மாநகராட்சியின் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் ஒருவர். கையில் டார்ச், தோளில் பை, பைக்குள் ஒரு கரண்டியும் மருந்து பாட்டிலும். "அம்மா, மாடிக்குப் போய் டேங்க் பாக்கணும்." கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. வழிவிட்டார். ஆனால், மனசில்லாமல்தான். "போய்ப் பாரும்மா. நாப்பது வருஷமா இந்த வீட்டுல இருக்கோம். ஒருத்தருக்கும் டெங்கு வந்ததே இல்ல."

டேங்க் மூடி சரியாகவே இருந்தது. அதன் பக்கத்தில், எப்போதோ வெள்ளையடித்தபோது விட்டுப்போன பெயின்ட் வாளியில் மழைத்தண்ணீர் தெளிவாக நின்றது. டார்ச் வெளிச்சம் பட்டதும் அதற்குள் கரும்புள்ளிகள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின. பணியாளர் ஒன்றும் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிச் சூடேறிய தரையில் கவிழ்த்தார். புழுக்கள் சிறிது நேரம் துடித்து அடங்கின.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். அவருடைய ரத்தத்தைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 2011-இல் சென்னை மாநகரில் 50 இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 1,010 பேரின் ரத்தத்தை ஓர் ஆய்வுக்குழு சோதித்தது. டெங்கு வைரஸை உடல் என்றோ சந்தித்ததற்கான அடையாளம், அதாவது ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதம், 100-க்கு 93 பேரின் ரத்தத்தில் இருந்தது. சிக்குன்குனியாவுக்கு 44 பேர். அதே மனிதர்களிடம் "உங்களுக்கு டெங்கு வந்திருக்கிறதா?" என்று கேட்டபோது, ஆமாம் என்றவர் 100-க்கு ஒருவர் மட்டுமே. சிக்குன்குனியா வந்ததாகச் சொன்னவர்கள் 20 பேர். மூட்டைப் பிடுங்கிய வலியை எப்படி மறப்பார்கள்? டெங்குவோ பலருக்கு மூன்று நாள் காய்ச்சலாகவும் உடல்வலியாகவும் வந்து, 'வைரல் ஃபீவர்' என்ற பெயரில் போய்விட்டது. இன்னும் பலருக்குக் காய்ச்சலே வரவில்லை.

அந்த ஆய்வின் கணக்குப்படி, சென்னையில் டெங்குவையே சந்திக்காதவர்களில் 100-க்கு 23 பேரை அது ஒவ்வோர் ஆண்டும் தொற்றுகிறது. பெற்றோர் இந்த எண்ணை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அவ்வை சண்முகம் சாலையில் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் ஏற்கெனவே டெங்குவைப் பார்த்தாகிவிட்டது என்று இதற்குப் பொருள். பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. அம்பத்தூர் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் மனோஜ் முர்ஹேக்கர் தலைமையில் 2017-18-இல் நாடு முழுவதும் 12,300 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வும் இதையே பெரிய படமாகக் காட்டியது. ரத்தத்தில் டெங்கு ஆன்டிபாடி உள்ளவர்கள் இந்தியா முழுவதும் 48.7 சதவீதம். தென்மாநிலங்களில் 76.9 சதவீதம்.

நகரத்துக்கே தெரியாமல் நகரத்தின் ரத்தத்துக்குள் இப்படி ஒரு பதிவேடு ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்தால் என்ன, வந்து போன நோய்தானே என்று கேட்கலாம். அம்மை வந்து போனால் திரும்ப வராது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதுபோல எதிர்ப்பு சக்தி வந்துவிட்டதே, நல்லதுதானே? டெங்குவில் அந்தக் கணக்குச் செல்லாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த வைரஸ் புறப்பட்டு வந்த காட்டுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

மரத்தின் உச்சியில் ஒரு கூண்டு

டெங்கு மனிதனின் நோயாவதற்கு முன் குரங்குகளின் தொற்றாக இருந்தது. மலேசியக் காடுகளில் ஆல்பர்ட் ரட்னிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இதைத் தேடினார். காட்டுக்குரங்குகளின் ரத்தத்தில் டெங்கு ஆன்டிபாடி இருப்பதைக் கண்டார். பிறகு, டெங்குவே பார்த்திராத குரங்குகளைக் கூண்டில் வைத்து, பெருமரங்களின் கிளை உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றினார். மனிதன் நடமாடாத அந்த உயரத்தில், அங்கேயே வாழும் கொசுக்கள் கடித்து, குரங்குகளுக்கு டெங்கு தொற்றியது. கொசுவும் குரங்கும் மட்டும் இருந்தாலே போதும், இந்த வைரஸ் காலகாலமாக உயிர்வாழும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையின் பொலன்னறுவையில், பழைய தலைநகரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே செங்குரங்குகள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. நம் கிண்டிக் காட்டிலும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் திரிகிற நாட்டுக்குரங்குக்கு நெருங்கிய உறவு அவை. வொல்ஃப்கேங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968 முதல் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார். அக்குரங்குகளின் ரத்த மாதிரிகளைச் சோதித்த குழு 1999-இல் முடிவை வெளியிட்டது. 1980-களின் நடுவில் ஒரு டெங்கு அலை அந்தக் கூட்டங்களுக்குள் புகுந்து கடந்திருந்தது. குரங்குகள் கொத்துக் கொத்தாகச் சாகவில்லை. கோயில் படிகளில் எப்போதும்போல் தாவிக்கொண்டிருந்தன. தொற்று வந்துபோனதற்கு ரத்தம் மட்டுமே சாட்சி.

இதைப் படித்துவிட்டுக் கிண்டிக் குரங்குகளைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். இன்று சென்னையில் டெங்கு பரவக் குரங்கு தேவையில்லை. நம் வீட்டு வாளியில் வளர்கிற ஏடிஸ் எஜிப்டி கொசுவும் நாமும் போதும்.

குரங்குகளுக்குக் கொசு வைரஸ்கள் எல்லாமே ஒத்துப்போகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் வைரஸை ஆப்பிரிக்கக் குரங்குகள் பெரும்பாலும் நோயின்றித் தாங்குகின்றன. அதே வைரஸ் தென்னமெரிக்காவுக்குப் போனபோது, அங்குள்ள ஊளைக்குரங்குகள் காடு காடாக மடிந்தன. இப்போதும் மடிகின்றன. வைரஸோடு நெடுங்காலம் பழகிய உடலுக்கும், அதைப் புதிதாகச் சந்திக்கிற உடலுக்கும் அவ்வளவு வித்தியாசம். 1927-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த ராக்ஃபெல்லர் குழு, ஆப்பிரிக்கக் குரங்குகளில் எதையும் காண முடியாமல் தவித்து, கடைசியில் இந்தியாவின் ரீசஸ் குரங்குகளைக் கொண்டுவந்தது. அசிபி என்ற ஆப்பிரிக்க நோயாளியின் ரத்தத்தை ஏற்றியதும் ரீசஸ் குரங்கு நோயில் விழுந்தது. வைரஸ் கையில் சிக்கிய அந்தத் தருணத்திலிருந்துதான் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியின் கதை தொடங்குகிறது. குழுவில் இருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் அதே நோய்க்குப் பலியானார். 1947-இல் உகாண்டாவின் ஜிகா காட்டில், மரமேடைக் கூண்டில் வைத்திருந்த 766-ஆம் எண் ரீசஸ் குரங்குக்குக் காய்ச்சல் கண்டது. அதன் ரத்தத்தில் கிடைத்ததே ஜிகா வைரஸ். எழுபது ஆண்டு கழித்து, 2017-இல், அது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வந்து நின்றது.

1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா காடுகளில் மந்திகளும் நாட்டுக்குரங்குகளும் செத்து விழுந்தபோது, புணேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் டெல்ஃபோர்ட் வொர்க்கும் அவருடைய குழுவினரும் அஞ்சியது இதைத்தான்: மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ? கடத்துகிற கொசு இங்கே தெருத்தெருவாக இருக்கிறது. அந்த வைரஸைக் கண்டிராத கோடிக்கணக்கான மனிதர்கள் இருக்கிறார்கள். நல்லவேளை, அது வேறு வைரஸ். கியாசனூர் காட்டுநோய் என்று பெயர் பெற்ற அதைப் பரப்புவது கொசுவல்ல, உண்ணி. மஞ்சள் காய்ச்சல் குறித்த அச்சம் இன்னும் சட்டமாக உயிரோடு இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் போகிற நம்மூர்க்காரர் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற மையங்களில் ஊசி போட்டு மஞ்சள் அட்டை வாங்குகிறாரே, அது அவரைக் காப்பதற்கு மட்டுமல்ல. திரும்பி வரும்போது நம்மையும் காப்பதற்கு.

அறுபடும் சங்கு

டெங்குவைக் குரங்கு தாங்குகிறது, மனிதன் சாய்கிறான். ஏன்? இதற்கு ஒரு துல்லியமான பதிலை 2018-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் ஸ்டாபெல், சேரா சாயர் ஆகியோரின் குழு முன்வைத்தது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் அசைத்த ஆய்வு இதுதான்.

நம் உடலின் பெரும்பாலான செல்களுக்குள் ஓர் அபாயச் சங்கு இருக்கிறது. ஸ்டிங் என்று பெயர் கொண்ட புரதம். அந்நியன் நுழைந்ததற்கான தடயம் தெரிந்ததும் அது ஊதத் தொடங்கும். ஊதியதும் இன்டர்ஃபெரான் சுரக்கும். அக்கம்பக்கத்துச் செல்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆன்டிபாடிகள் தயாராக நாள்கணக்கில் ஆகும். அதுவரை நம்மைக் காப்பது இந்தச் சங்குச் சத்தம்தான். டெங்கு வைரஸிடம் கத்தரிக்கோல் போன்ற ஒரு நொதி இருக்கிறது. அது செல்லுக்குள் புகுந்ததும் முதல் வேலையாக மனிதனின் ஸ்டிங் புரதத்தை நறுக்கிவிடுகிறது. சங்கு ஊமையாகிறது. வைரஸ் தடையின்றிப் பெருகுகிறது.

குரங்கின் ஸ்டிங் புரதத்தை அதே கத்தரிக்கோலால் வெட்ட முடியவில்லை. வைரஸ் தங்கி வாழ்கிற குரங்கினங்களின் புரதம் எதுவும் வெட்டுப்படவில்லை. மனிதனுக்கும் அவனுக்கு மிக நெருங்கிய வாலில்லாக் குரங்கினங்கள் சிலவற்றுக்கும் மட்டுமே இந்தப் பலவீனம். வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. புரதத்தின் 78, 79-ஆம் இடங்களில் உள்ள இரண்டு அமினோ அமிலங்கள். குரங்கின் புரதத்தில் அந்த இரண்டை மட்டும் மனிதனுக்கு உள்ளதுபோல் மாற்றி வைத்தார்கள். உடனே அதுவும் வெட்டுப்பட்டது.

ஆக, காட்டில் குரங்கின் உடலுக்குள் வைரஸ் அடங்கி வாழ்கிறது. நெருக்கமாக வாழும் மனிதக் கூட்டத்துக்குள் வந்ததும் கட்டவிழ்ந்து பெருகுகிறது. ரத்தத்தில் வைரஸ் கூடக்கூட, கடிக்கிற கொசுவும் எளிதில் தொற்றைப் பெறுகிறது. சென்னை போன்ற ஊர் அதற்கு எப்பேர்ப்பட்ட விளைநிலம் என்று தனியே சொல்லத் தேவையில்லை.

தொப்புள்கொடி ரத்தம்

இப்போது அந்தக் கோபாலபுரத்து அம்மாவின் ரத்தத்துக்குத் திரும்புவோம்.

டெங்குவில் நான்கு வகைகள். ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்குச் சில மாதங்கள்தான். அதற்குப் பிறகு நிலைமை தலைகீழாகலாம். 1960-களின் தொடக்கத்தில் பாங்காக்கில் பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர், ரத்தக்கசிவோடும் அதிர்ச்சி நிலையோடும் வந்த குழந்தைகளை ஒவ்வொருவராகப் பதிவு செய்துகொண்டிருந்தார். அவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிவதைக் கவனித்தார். ஒரு கூட்டம், இரண்டாம் முறை டெங்கு வந்த பிள்ளைகள். இன்னொரு கூட்டம், ஒரு வயதுகூட நிரம்பாத கைக்குழந்தைகள். இவர்களுக்கு இதுதான் முதல் டெங்கு. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக என்ன இருக்க முடியும்?

இருந்தது ஒன்றுதான். பழைய டெங்குவின் ஆன்டிபாடி. பெரிய பிள்ளைக்கு அது முதல் காய்ச்சலில் வந்தது. கைக்குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்தது.

முதல் வகைக்கு எதிராக உருவான ஆன்டிபாடி, இரண்டாம் வகை வைரஸையும் பிடித்துக்கொள்ளும். கொல்லாது. பிடித்ததைக் கொண்டுபோய் வெள்ளையணுக்களிடம் ஒப்படைக்கும். அவை விழுங்கும். டெங்கு வைரஸ் பெருக விரும்புகிற இடமோ அதே வெள்ளையணுக்கள்தான். காவலரே கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கஜானாவில் விட்டதுபோல் ஆகிறது. வைரஸ் பல மடங்கு பெருகி, உடல் அதற்கு எதிராகக் கொதித்தெழும்போது ரத்த நாளங்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி, வயிற்றிலும் நெஞ்சிலும் சேர்கிறது. டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் இந்தக் கசிவால்தான்.

ஹால்ஸ்டெட் இதைக் குரங்குகளில் சோதித்தார். 1973-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே ஒரு வகை டெங்குவைக் கண்ட ரீசஸ் குரங்குகளுக்கு இரண்டாம் வகை வைரஸைச் செலுத்தியபோது ரத்தத்தில் வைரஸ் கூடுதலாக இருந்தது. 1979-இல் இன்னும் நேரடியான சோதனை. மனிதக் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து, டெங்கு ஆன்டிபாடி உள்ள சீரத்தை எடுத்து, சிறு அளவில் இளம் ரீசஸ் குரங்குகளுக்கு ஏற்றினார். பிறகு வைரஸைச் செலுத்தினார். ஆன்டிபாடி பெறாத குரங்குகளைவிட, பெற்றவற்றின் ரத்தத்தில் வைரஸ் 3 மடங்கு முதல் சுமார் 50 மடங்கு வரை பெருகியது. தாய் தன் குழந்தைக்குக் காப்பாகக் கொடுத்தனுப்பிய ரத்தத்தில் வந்த ஆன்டிபாடி அது.

அப்போதும் அந்தக் குரங்குகள் மனிதக் குழந்தைகளைப்போல அதிர்ச்சி நிலைக்குப் போகவில்லை. வைரஸ் பெருகினாலும் உடல் தாங்கியது. குரங்கை வைத்து மனிதனைப் புரிந்துகொள்வதில் உள்ள எல்லை இது. இந்த எல்லைக்கு நாம் பிறகு பெரிய விலை கொடுத்தோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மனிதர்களிடையே இதை நிரூபித்தது கியூபா. 1977-இல் அத்தீவில் டெங்கு முதல் வகை பரவியது. லேசான காய்ச்சல். 1981-இல் இரண்டாம் வகை வந்தது. 3,44,203 பேருக்கு நோய், 158 பேர் சாவு, இறந்தவர்களில் 101 பேர் குழந்தைகள். கடுமையாக விழுந்தவர்கள் பெரும்பாலும் 1977-இல் தொற்றியவர்கள். பிறகு 1997-இல் சாந்தியாகோ நகரில் மறுபடியும் இரண்டாம் வகை. இம்முறை கடும் நோய் கண்டவர்கள் எல்லோரும் பெரியவர்கள், முந்தைய அலைகளுக்குமுன் பிறந்தவர்கள். இருபது ஆண்டுக்கு முன் வந்து போன ஒரு சாதாரணக் காய்ச்சலை அவர்கள் மறந்திருப்பார்கள். ரத்தம் மறக்கவில்லை.

எல்லா இரண்டாம் டெங்குவும் ஆபத்தானதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது தொற்று கடுமையாவது அரிது. வைரஸின் ரகமும் முக்கியம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 1956 தொடங்கி அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் டெங்குவின் நான்கு வகைகளையும் அந்த ஒரே ஊரில் கண்டெடுத்தார்கள். நான்கும் சுற்றியபோதும் ரத்தக்கசிவுக் காய்ச்சல் அந்நாளில் அங்கே பெரிதாகத் தலைகாட்டவில்லை. 1996-இல் டெல்லியில் 423 பேரைக் கொன்ற கொள்ளைநோய்க்குப் பிறகுதான் இந்தியா டெங்குவை உயிர்க்கொல்லியாகப் பார்க்கக் கற்றது. நிகராகுவாவில் பல ஆண்டுகள் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆன்டிபாடி மிக அதிகமாக இருந்தால் காக்கிறது, அறவே இல்லாவிட்டால் ஆபத்து குறைவு, நடுவில் ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது என்று காட்டியது. கைக்குழந்தைகளின் கணக்கும் இதோடு பொருந்துகிறது. பிறந்த சில மாதங்கள் தாயின் ஆன்டிபாடி நிறைய இருக்கிறது, காக்கிறது. அரையாண்டு தாண்டும்போது அது குறைந்து, அந்த நடு அளவில் வந்து நிற்கிறது.

100-க்கு 93 பேரின் ரத்தத்தில் டெங்கு ஆன்டிபாடி உள்ள நகரத்தில், ஏறக்குறைய ஒவ்வொரு தாயும் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால், "பல் முளைக்குது, அதான்" என்று சென்னையில் ஒரு வீடும் இருந்துவிடக் கூடாது.

1964-இன் மெட்ராஸ்

இதே ஏடிஸ் கொசு இன்னொரு நோயையும் நமக்குத் தந்தது. 1964-இல் மெட்ராஸ் நகரம் குனிந்து நடந்தது. லட்சக்கணக்கானோருக்குக் காய்ச்சலோடு மூட்டுவலி. 1952-இல் தான்சானியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டு, மகோண்டே மொழியில் 'வளைந்து போவது' என்ற பொருளில் சிக்குன்குனியா என்று பெயர் பெற்ற வைரஸ் அது. ஆப்பிரிக்கக் காடுகளில் அதுவும் குரங்குகளுக்கிடையே சுற்றுவதுதான். நம் ஊரின் புகழ்பெற்ற மருத்துவர் கே.வி.திருவேங்கடமும் சக மருத்துவர்களும் மெட்ராஸ் நோயாளிகளைக் கவனித்து எழுதிய கட்டுரை 1965-இல் வெளியானது. இந்திய சிக்குன்குனியா வரலாற்றை யார் எழுதினாலும் அதைத் தொட்டே தீர வேண்டும். அதே 1964-இல் வேலூரில் ஒரே நோயாளியின் ரத்தத்திலிருந்து சிக்குன்குனியாவும் டெங்குவும் சேர்ந்து கிடைத்தன.

1973-க்குப் பிறகு அது முப்பதாண்டுக்கு மேல் இந்தியாவில் காணாமல் போனது. 2005-06-இல் வேறொரு ரகமாகத் திரும்பி வந்தபோது, 2006-இல் மட்டும் நாட்டில் சுமார் 13.9 லட்சம் பேரைப் படுக்கவைத்தது. சிக்குன்குனியாவில் டெங்குவைப்போல நான்கு வகைத் தொல்லை இல்லை. ஒருமுறை வந்தால் உடல் நெடுங்காலம் காக்கிறது. இடைப்பட்ட முப்பதாண்டில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் காப்பு இல்லாததால்தான் அது காட்டுத்தீயாகப் பரவியது.

இனித் தடுப்பூசி. நான் முன்பு சொன்ன விலையை நாம் கொடுத்தது இங்கேதான். டெங்வாக்சியா என்ற முதல் டெங்கு தடுப்பூசி குரங்குகளில் நல்ல பலன் காட்டியது. பிலிப்பைன்ஸ் அரசு 2016-இல் அதைப் பள்ளிகளில் தொடங்கி, 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டது. 2017 நவம்பர் இறுதியில் தயாரிப்பாளரான சனோஃபி நிறுவனமே அறிவித்தது: முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு இந்த ஊசி போட்டால், பிறகு வரும் டெங்கு கடுமையாகக்கூடும். ஊசியே முதல் காய்ச்சலின் வேலையைச் செய்துவிட்டது. திட்டம் நின்றது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்நாட்டு மக்களுக்குத் தடுப்பூசிகள் மீதே இருந்த நம்பிக்கை உடைந்தது. ஹால்ஸ்டெட் ஆண்டுக்கணக்காக எச்சரித்துவந்த ஆபத்து இதுதான். கேட்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் பனேசியா பயோடெக் நிறுவனம் உருவாக்கிய 'டெங்கிஆல்' என்ற ஒற்றைத் தவணை ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனையை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அந்நிறுவனத்தோடு சேர்ந்து 2024 ஆகஸ்டில் ரோத்தக் நகரில் தொடங்கியது. 10,335 பேர், 19 மையங்கள். நான்கு வகைக்கும் சமமாகக் காப்பு தருகிறதா, டெங்குவைப் பார்த்தேயிராத உடலில் என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பதில் பெற்றே தீர வேண்டும். அவசரம் கூடாது. புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். கொசு ஆராய்ச்சி மையம் ஓல்பேக்கியா பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கி வைத்திருக்கிறது. அந்தக் கொசுவின் உடலுக்குள் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இந்த முறை நல்ல பலன் தந்தது. நம் நகரங்களில் இதைச் சோதித்துப் பார்ப்பதில் இன்னும் வேகம் வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது இரண்டு வேலைகள்.

சென்னையில் வளர்ந்த ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்தால், அதை இரண்டாம் டெங்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "இதுவரை வந்ததே இல்லை" என்பது கணக்கில் வராது. ஆபத்துக் காலம் காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, விடும்போது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் சில்லிட்டு, 'ஜுரம் விட்டுடுச்சு' என்று வீடு நிம்மதியடைகிற அந்த நேரத்தில்தான் கசிவு தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, சோர்ந்து துவளுவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். "கவுன்ட் எவ்ளோ?" என்று தட்டணு எண்ணிக்கையை மட்டுமே விசாரித்துக்கொண்டிருக்காமல், ரத்தம் கெட்டியாகிறதா என்று காட்டுகிற பி.சி.வி. அளவையும் மருத்துவரிடம் கேளுங்கள். உயிரைக் காப்பது பெரும்பாலும் சரியான நேரத்தில் சரியான அளவில் ஏற்றுகிற சலைன்தான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். டெங்கு உறுதியான ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல், பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். நாளை ஓர் ஊசி வரும்போது அந்தத் தாள் தேவைப்படும்.

இரண்டாவது, வாளி. ஏடிஸின் முட்டை காய்ந்த வாளியின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எட்டுப் பத்து நாளில் கொசுவாகும். அதனால் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட்டு, உள்பக்கத்தை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, மணிபிளான்ட் பாட்டில், சம்ப் மூடியின் இடுக்கு, மொட்டைமாடியில் போட்ட பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, கட்டட வேலைக்குக் கட்டிய தண்ணீர்த் தொட்டி எல்லாம் இதில் அடக்கம்.

இந்த வாரம் உங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். கொசுப்புழு பார்க்க வந்து கேட்டைத் தட்டுகிறவரை, தண்ணீர் கொடுத்து, மாடிவரை கூட்டிப்போங்கள்.